கடைசல்காரர் பதில்கள்: கதவுக் கைப்பிடி செய்த அரசியல்வாதி

சென்ற மாதம் ஊட்டி வாசகர் ஒருவர், "கைத்தொழில் தெரிந்தவன் அரசியலுக்கு லாயக்கா?" என்று கேட்டிருந்தார். "லாயக்குதான். ஜெர்மனியில் ஆகஸ்ட் பேபல் என்று ஒரு கடைசல்காரர், அதாவது மரத்தையும் கொம்பையும் சுழலவிட்டு உளியால் கடைகிறவர், இருந்தார், தேடிப் படியுங்கள்" என்று இரண்டு வரியில் முடித்துக்கொண்டேன். மலைக்காரர்கள் விடுவார்களா? தேடிப் படிக்கிற வேலையை என் தலையிலேயே கட்டிவிட்டார்கள். வந்த கடிதங்களில் பாதிக்குமேல் பேபலைப் பற்றித்தான். ஆகவே இந்த மாதம் மரம், வார்னிஷ், கரையான் மூன்றுக்கும் கிட்டத்தட்ட விடுமுறை.

● கல்லூரி மாணவி, ஊட்டி: ஐயா, பேபல் நிஜமாகவே கடைசல் வேலை பார்த்தவரா? அல்லது மேடைக்கு மேடை "நானும் ஏழைதான்" என்று சொல்வார்களே, அந்த ரகமா?

நிஜமாகவே கடைந்தவர்தான், தாயி. 1840 பிப்ரவரி 22-இல், கொலோன் நகரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் டாய்ட்ஸில், பட்டாளக் குடியிருப்புக்குள் பிறந்தவர். அப்பா பிரஷ்யப் படையில் நம் ஊர் ஹவில்தார் மாதிரி ஒரு பதவி. பிள்ளைக்கு நான்கு வயது நிறைவதற்குள் அப்பா போய்விட்டார். அம்மா, கணவரின் உடன்பிறந்தவரையே மறுமணம் செய்துகொண்டார். அவரும் 1846-இல் காலமானார். அப்புறம் அந்த அம்மா தன் பிறந்த ஊரான வெட்ஸ்லாருக்குப் பிள்ளைகளோடு திரும்பி, பட்டாளத்துக்காரர்கள் போடும் வெள்ளைத் தோல் கையுறைகளைத் தைத்துக் கஞ்சி ஊற்றினார். 1853-இல் அவரும் போனார். பதின்மூன்று வயதில் பேபலுக்கு யாரும் இல்லை.

சுரங்கப் படிப்பு படிக்க ஆசை. காசு இல்லை. கடைசல் பட்டறையில் சேர்த்துவிட்டார்கள். காலை ஐந்து மணிக்கு நின்றால் இரவு ஏழு மணி வரை வேலை. இதைப் படித்தபோது எனக்கு ஒன்றும் ஆச்சரியமாக இல்லை. நான் பையனாகச் சேர்ந்த தேயிலைப் பெட்டிப் பட்டறையிலும் கடிகாரம் முதலாளியின் சட்டைப்பைக்குள்தான் இருந்தது.

தொழில் கற்று முடித்த ஜெர்மன் இளைஞர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்து, கிடைத்த பட்டறையில் வேலை பார்த்து, கை பழகுவது அந்தக் கால வழக்கம். பேபல் 1858-இல் கிளம்பினார். ஹைடல்பெர்க், ஃப்ரைபர்க், ரேகன்ஸ்பர்க், மியூனிக், சால்ஸ்பர்க் என்று ஒரு பெரிய சுற்று. போகிற ஊரில் கத்தோலிக்கத் தொழிலாளர் சங்கம் இருந்தால் அதில் சேர்ந்துகொள்வார். இவரோ புராட்டஸ்டண்ட். பேச்சுத்துணையும் படிக்கப் பத்திரிகையும் கிடைக்கிற இடத்தில் ஞானஸ்நானத்தைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்! 1860 மே மாதம் லைப்சிக் நகருக்கு வந்து சேர்ந்தார். 1864-இல் சொந்தமாகச் சின்னதாய் ஒரு பட்டறை போட்டார்.

அங்கே அவர் கடைந்தது என்ன தெரியுமா? எருமைக்கொம்பில் கதவுக் கைப்பிடி, ஜன்னல் கைப்பிடி.

இதில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன், தொழில் பாசம். மேட்டுப்பாளையத்திலிருந்து கொம்பு வாங்கி வந்து ஊன்றுகோலுக்குப் பிடி கடைந்தவன் நான். கொம்பின் அடிப்பாகம் உள்ளே கூடு, நுனிப்பக்கம்தான் கெட்டி. அந்த நுனியைத்தான் கடைசல் இயந்திரத்தில் மாட்ட முடியும். கூடாக இருக்கும் பாகத்தைச் சூடு காட்டி இளக்கி, அழுத்தித் தகடாக்கிக்கொள்ள வேண்டும். உளியை வைத்ததும் கிளம்பும் பாருங்கள் நாற்றம், தலைமயிர் கருகினாற்போல. சட்டையில் ஏறினால் இரண்டு துவைப்புக்குப் போகாது. பொறுமையாகத் தேய்த்து, சாம்பலும் எண்ணெயும் போட்டு மெருகேற்றினால் கருங்கல் விக்கிரகம் மாதிரி ஒரு கருப்பு வரும். கைக்குச் சில்லென்று இருக்காது, பித்தளை போலக் களிம்பு பிடிக்காது. குளிர் நாட்டுக் கதவுக்கு இதைவிடத் தோதான பிடி கிடையாது. நம் மலைக்கும்தான்.

ஏன் கைப்பிடி என்பதற்கு அரசியல் காரணம் உண்டு. பேபல் மேடையேறிப் பேச ஆரம்பித்ததும் லைப்சிக்கில் உள்ளூர் வாடிக்கையாளர்கள் அவரிடம் வேலை கொடுப்பதை நிறுத்தினார்கள். வெளியூருக்கு அனுப்பி விற்கக்கூடிய சரக்கு வேண்டியிருந்தது. யார் கடைந்தது என்று பார்க்காமல் வாங்கிப் போகிற சரக்கு.

● தேயிலை ஃபேக்டரி தொழிலாளி, குன்னூர்: அண்ணா, அவரை அரசியலுக்குக் கூட்டி வந்தது யார்? சிபாரிசு இல்லாமல் சீட் கிடைக்குமா?

படிப்பறைதான் கூட்டி வந்தது, தம்பி. 1861-இல் லைப்சிக்கில் தொழிலாளர்களுக்கான கல்விச் சங்கம் ஒன்று தொடங்கியது. மாலையில் கணக்கு, மொழி, கணக்குப்பதிவு எல்லாம் சொல்லித் தருவார்கள். பேபல் சேர்ந்தார், நிர்வாகக் குழுவுக்குப் போனார், பிறகு தலைவரே ஆனார். ஆரம்பத்தில் அவர் பெரிய புரட்சிக்காரர் ஒன்றும் இல்லை. தொழிலாளிக்கு ஓட்டுரிமை கொடுக்கிற அளவுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்று 1863-இல் பேசி, சொந்தச் சங்கத்துக்காரர்களிடமே வாங்கிக் கட்டிக்கொண்டவர். 1865-இல் வில்ஹெல்ம் லீப்னெக்ட் லைப்சிக்குக்கு வந்தார். மார்க்சோடு லண்டனில் பழகியவர், பேபலைவிட பதினான்கு வயது மூத்தவர், படித்தவர். இவர்கள் இருவரும் சேர்ந்த பிறகுதான் பேபலின் பேச்சு திசை மாறியது.

சீட்டுக்கு வருகிறேன். 1867-இல் வட ஜெர்மன் கூட்டமைப்பின் நாடாளுமன்றத்துக்கு, சாக்சனியில் கிளௌகாவ்-மேரானே தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். வயது 27. அது முழுக்க நெசவாளர் வட்டாரம். தறிக்காரர்கள் கடைசல்காரரை அனுப்பினார்கள். 1869-இல் ஐசனாக் நகரில் சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சியை இவரும் லீப்னெக்டும் மற்றவர்களும் சேர்ந்து தொடங்கினார்கள்.

நீங்கள் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது, அதுதான் முக்கியம்: எம்.பி. ஆனால் சம்பளம் எவ்வளவு? ஒன்றுமில்லை. ஜெர்மன் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு 1906 வரை சம்பளமே கிடையாது. பணக்காரர்களும் நிலப்பிரபுக்களும் மட்டும் வந்து உட்காரட்டும் என்றுதான் அப்படி வைத்தார்கள். பேபல் பெர்லினில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு நாளும் லைப்சிக் பட்டறையில் ஒரு நாள் கூலி போச்சு. ஒரு அரசியல்வாதியைப் பற்றி என்னிடம் யார் பேசினாலும் நான் முதலில் கேட்பது, அவர் யார் வீட்டுச் சோறு சாப்பிடுகிறார் என்பதைத்தான். பேபலின் சோறு கொம்பிலிருந்து வந்தது. அவரை மிரட்டலாம், உள்ளே தள்ளலாம். வேலையை விட்டு நீக்கத்தான் முடியாது.

● இல்லத்தரசி, கோத்தகிரி: அவர் ஊர் ஊராகப் பேசப் போனால் பட்டறையை யார் பார்த்துக்கொண்டார்கள்? வீட்டில் ஒரு பெண் இருந்திருப்பாரே, அவரைப் பற்றி ஒரு வரி எழுதுவீர்களா?

ஒரு வரி போதாது, அம்மா. யூலி ஓட்டோ என்று பெயர். லைப்சிக்கில் தொப்பி அலங்கார வேலை பார்த்த பெண். 1866-இல் கல்யாணம், 1869-இல் ஃப்ரீடா என்று ஒரே மகள்.

1870-இல் பிரான்சோடு போர் வந்தது. போர்ச் செலவுக்கு நாடாளுமன்றத்தில் வாக்குக் கேட்டபோது பேபலும் லீப்னெக்டும் வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள். பிரான்சின் நிலத்தைப் பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்று தெளிவானதும், ஆண்டுக் கடைசியில் எதிர்த்தே வாக்களித்தார்கள். நாடே வெற்றி மயக்கத்தில் கிடந்த நேரம். டிசம்பரில் கைது. 1872-இல் லைப்சிக்கில் ராஜத்துரோக வழக்கு, இரண்டு பேருக்கும் இரண்டிரண்டு ஆண்டு கோட்டைச் சிறை. போதாக்குறைக்கு, மன்னரை அவமதித்ததாகப் பேபலுக்கு மட்டும் இன்னொரு ஒன்பது மாதம். எம்.பி. பதவியையும் பிடுங்கினார்கள். இடைத்தேர்தல் வந்தது, அதே நெசவாளர்கள் சிறையில் இருந்தவரையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள்.

இந்தக் காலம் முழுக்கப் பட்டறையை நடத்தியது யூலி. கொம்பு வாங்குவது, ஆட்களுக்குக் கூலி, வெளியூர் வாடிக்கைக்குக் கடிதம், கையில் சின்னக் குழந்தை. நடுவில் கட்சிக்காரர்களின் கடிதப் போக்குவரத்தும் அவர் வழியாகத்தான். வாழ்நாளில் பேபல் சிறையில் கழித்ததைச் சேர்த்துக் கூட்டினால் கிட்டத்தட்ட ஐந்து ஆண்டு வருகிறது. அத்தனை நாளும் வீட்டில் அடுப்பு எரிந்தது என்றால் அது யாருடைய சாமர்த்தியம்? என் பட்டறைக் கணக்கை எழுதுகிறவரும் வீட்டம்மாதான் என்பதால் இதை எழுதும்போதே பின்னாலிருந்து ஒரு "ம்" கேட்கிறது.

சிறை வைத்திருந்த ஹூபர்டுஸ்பர்க் கோட்டையில் பேபல் சும்மா இருக்கவில்லை. லீப்னெக்ட் வாத்தியார், பேபல் மாணவர். வரலாறும் பொருளாதாரமும் பிரெஞ்சும் படித்தார். தோட்டம் போட இடம் கொடுத்தார்கள்; முள்ளங்கி விதைத்தார்கள். எருவை அள்ளிக் கொட்டியதில் இலை மட்டும் தளதளவென்று வந்து கிழங்கே வைக்கவில்லையாம். கேத்தி பள்ளத்தாக்கில் கேரட் போடுகிற எவரையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

1879-இல் 'பெண்ணும் சோசலிசமும்' என்ற புத்தகத்தை எழுதினார். அப்போது கட்சிக்கே தடை. ரகசியமாக அச்சடித்து, வேறு தலைப்பு ஒட்டிய அட்டைக்குள் மறைத்து விற்றார்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே அது ஐம்பதாவது பதிப்பைக் கண்டது. அந்தக் காலத்தில் மார்க்சின் மூலதனத்தைப் புரட்டிப் பார்த்த தொழிலாளிகளைவிட இதைப் படித்தவர்கள் பல மடங்கு. சம்பாதிக்கும் உரிமை, வாக்குரிமை, விரும்பியவரை மணக்கவும் பிரியவும் உரிமை எல்லாம் அதில் இருக்கிறது. பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று 1895-இல் நாடாளுமன்றத்திலும் வாதாடினார். ஜெர்மன் பெண்கள் முதன்முதலாக நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போட்டது 1919 ஜனவரியில்; பேபல் பார்க்கவில்லை. நம் மதராஸ் மாகாணத்தில் சொத்துள்ள பெண்களுக்கு வாக்குரிமை 1921-இல் வந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இந்தப் புத்தகத்தை எழுதியவருக்கு, மனைவி பட்டறை நடத்தியதைப் பார்த்ததால்தான் அந்த எண்ணம் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் நான் அப்படித்தான் நம்புகிறேன்.

● ஓய்வுபெற்ற டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) தொழிலாளி, கூடலூர்: ஐயா, நான் சிலோனில் பிறந்து, சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் இங்கே வந்தவன். பேபலையும் ஊரைவிட்டுத் துரத்தினார்கள் என்று கேள்விப்பட்டேன். விவரம் வேண்டும்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் ஐயா. 1964 ஒப்பந்தம் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியாவுக்கு என்று கணக்குப் பண்ணியது. அதில் நம் மலைக்கு வந்தவர்கள் பட்ட பாட்டோடு இதை ஒப்பிடக்கூடாது. பேபல் போனது பக்கத்து ஊருக்குத்தான். ஆனால் சட்டம் ஒரு மனிதனை எப்படி வீட்டிலிருந்து பிரிக்கும் என்பதற்கு இதுவும் ஒரு கதை.

1878-இல் ஜெர்மன் பேரரசர் மீது இரண்டு முறை துப்பாக்கிச்சூடு. முதலில் சுட்டவன் லைப்சிக்கைச் சேர்ந்த தகரவேலைக்காரன். கட்சிக்கும் இரண்டு சம்பவத்துக்கும் தொடர்பில்லை. பேரரசின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க்குக்கு அது போதும். அந்த அக்டோபரில் 221-க்கு 149 என்று சோசலிஸ்டுகளுக்கு எதிரான சட்டம் நிறைவேறியது. கூட்டம் கூடாது, பத்திரிகை கூடாது, சங்கம் கூடாது. ஆனால் ஒரு வேடிக்கை: தேர்தலில் மட்டும் நிற்கலாம். சட்டத்தின் இன்னொரு பிரிவின்படி, சில நகரங்களைக் குறிப்பிட்டு அங்கிருந்து ஆட்களை வெளியேற்றலாம். 1881 கோடையில் லைப்சிக்குக்கு அது வந்தது. பேபலும் லீப்னெக்டும் வெளியே.

இருவரும் போர்ஸ்டார்ஃப் என்ற கிராமத்தில் தங்கினார்கள். லைப்சிக்கிலிருந்து டிரெஸ்டன் போகும் ரயில் பாதையில் இருக்கிறது. யூலியும் ஃப்ரீடாவும் பட்டறையும் லைப்சிக்கில். ரயிலில் ஒரு தம் கட்டினால் வீடு, ஆனால் போகக்கூடாது.

அதற்குள் தொழில் வளர்ந்திருந்தது. 1876-இல் இஸ்லைப் என்பவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு நீராவி இயந்திரம் வைத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். ஆகவே பேபல் விற்பனைப் பிரதிநிதியானார். கைப்பிடி மாதிரிகள் அடுக்கிய பெட்டியோடு நாடு முழுக்க ரயில் பயணம். பகலில் இரும்புக்கடைக்காரர்களிடம் ஆர்டர். மாலையில், கூட்டம் போடத் தடையுள்ள ஊரில், யார் வீட்டிலாவது நான்கு பேர். கட்சிக்குத் தடை போட்ட அரசாங்கம் கதவுக் கைப்பிடி விற்பதற்குத் தடை போட முடியவில்லை. பின்னாலேயே மஃப்டி போலீஸ் அலைந்தது, அது வேறு விஷயம். அந்தப் பெட்டி எனக்குக் கிடைத்தால் பட்டறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டி வைப்பேன்.

லைப்சிக்குக்குள் காலெடுத்து வைக்கக் கூடாதவரை, அதே 1881-இல் லைப்சிக்கைச் சுற்றியுள்ள கிராமங்கள் சாக்சனி மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தன. ஜெர்மனி ஒரே பேரரசாகிவிட்டாலும் சாக்சனிக்கென்று ராஜா, அமைச்சர், சட்டமன்றம் எல்லாம் தனியாக இருந்தன. பள்ளிக்கூடம், போலீஸ், ரயில் எல்லாம் மாநிலத்தின் கையில். தொழிலாளியின் அன்றாடத்தைத் தொடும் விஷயங்கள் அங்கேதான் முடிவாகும். சுமார் ஒன்பது ஆண்டுகள் அங்கே இருந்தார். டெல்லியில் பேசினால் பேப்பரில் பெயர் வரும், கோட்டையில் பேசினால் பஸ் வரும் என்று நம் ஊரில் சொல்வதுபோல. 1881-இல் நாடாளுமன்றத் தேர்தலில் தோற்றவர், 1883-இல் ஹாம்பர்க் இடைத்தேர்தலில் ஜெயித்துத் திரும்பினார்.

சட்டம் 1890-இல் காலாவதியானது. அதே ஆண்டுத் தேர்தலில் கட்சிக்கு 14 லட்சத்துக்கும் மேல் ஓட்டு. வேறெந்தக் கட்சிக்கும் அவ்வளவு இல்லை.

● சிறு விவசாயி, பண்ணைக்காடு, கொடைக்கானல்: இ.எஸ்.ஐ. மாதிரியான திட்டங்களுக்கு மூலம் ஜெர்மனி என்கிறார்களே, அது பேபல் செய்ததா?

இல்லை, பிஸ்மார்க் செய்தது. 1883-இல் நோய்க் காப்பீடு, 1884-இல் விபத்துக் காப்பீடு, 1889-இல் முதுமை ஓய்வூதியம். ஒரு கையில் தடி, மறு கையில் மிட்டாய். பேபலின் கட்சி எதிர்த்து வாக்களித்தது. எழுபது வயதில் ஓய்வூதியம் என்றால், அந்த வயதுவரை எத்தனை தொழிலாளி உயிரோடு இருந்தான்?

ஆனால் நடந்ததைப் பாருங்கள். நோய்க் காப்பீட்டு நிதியில் மூன்றில் இரண்டு பங்கு தொழிலாளியின் பணம், ஒரு பங்கு முதலாளியின் பணம். நிர்வாகக் குழுவிலும் அதே கணக்கில் இடம். தொழிலாளிகள் தங்கள் ஆட்களைத் தேர்ந்தெடுத்து அனுப்ப, கட்சிக்காரர்கள் குழுக்களுக்குள் உட்கார்ந்துவிட்டார்கள். எதிர்த்து வாக்களித்த சட்டத்தில் நிர்வாகம் பழகினார்கள். நம் நாட்டில் இ.எஸ்.ஐ. சட்டம் 1948-இல், தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல். இரண்டும் காகிதத்தில் அருமை. எஸ்டேட்டில் நோய்விடுப்புப் பணம் கேட்டு அலைந்தவர்களிடம் மீதியைக் கேளுங்கள்.

● வாசகர், அரவங்காடு: பேபல் கடைசியில் பணக்காரர் ஆகிவிட்டாராமே?

வசதியாகத்தான் இருந்தார். 1880-களில் பட்டறைக் கூட்டிலிருந்து விலகினார், புத்தகமும் எழுத்தும் சோறு போட்டன. சுவிட்சர்லாந்தில் சூரிச் ஏரிக்கரையில் ஒரு வீடு கட்டினார். பத்திரிகைகள் கேலி செய்தன. பிற்காலத்தில் ராணுவ லெஃப்டினன்ட் ஒருவர் தன் சொத்தை இவருக்கு உயில் எழுதிவைத்து, அதில் வேறு வழக்கு. ஐந்து ஆண்டு சிறையில் இருந்தவன் ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்காரக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? அந்தக் கோபத்தில் எனக்குப் பங்கில்லை.

● பள்ளி ஆசிரியை, வெலிங்டன்: இவர் ஒருவர்தானா, இல்லை இவரைப்போல வேறு தொழிலாளிகளும் அந்தக் கட்சியில் தலைவர்களாக வந்தார்களா?

வரிசையாக வந்தார்கள், டீச்சர். பேபல் 1913 ஆகஸ்டில் இறந்தார். தலைவரின் இடத்துக்கு வந்தவர் ஃப்ரீட்ரிக் ஈபர்ட். ஹைடல்பெர்க்கில் தையல்காரர் மகன், குதிரைச் சேணம் தைக்கும் தொழில். சங்கத்தில் சேர்ந்ததால் பட்டறைக்காரர்கள் வேலை தரவில்லை. 1891-இல் பிரேமன் நகரத்துக்கு வந்தவர், 1894-இல் அங்கே ஒரு சாராயக்கடை நடத்தத் தொடங்கினார். தொழிலாளிகள் வந்து உட்கார்ந்து குறை சொல்லும் இடம் அது.

1900-இல் கடையை விட்டுவிட்டு, சங்கங்கள் சம்பளம் கொடுத்து வைத்த தொழிலாளர் செயலர் வேலைக்குப் போனார். என்ன வேலை தெரியுமா? மனு எழுதுவது. கை போனவனுக்கு விபத்துப் பணம், காய்ச்சல்காரனுக்கு நோய்ப்பணம், கிழவிக்கு ஓய்வூதியம் என்று விண்ணப்பம் பூர்த்தி செய்து, மறுத்தால் மேல்முறையீடு எழுதித் தருவது. அதே ஆண்டில் பிரேமன் நகர-மாநிலச் சட்டமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு சின்ன மாநிலத்தில் ஒவ்வொரு தெருவின் கஷ்டமும் காகிதமாக மேசைக்கு வருகிற வேலை அது. தொழிற்சங்க அலுவலகத்தில் பழைய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, கார்பன் வைத்து மனு எழுதும் ஒருவர் நம் மலையிலும் ஊருக்கு ஊர் உண்டு. அவர்களில் யாரும் நாட்டுக்கு அதிபராகவில்லை. ஈபர்ட் 1919 பிப்ரவரியில் ஆனார்.

எனக்கு அவரைப் பிடிக்கும் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு ஒரு மாதம் முன்னால், அவர் தலைமை தாங்கிய இடைக்கால ஆட்சியில், அரசு சார்பாக இறங்கிய கூலிப்படையினர் புரட்சி இடதுசாரித் தலைவர் ரோசா லக்சம்பர்கையும், பேபலின் நண்பர் லீப்னெக்டின் மகன் கார்லையும் கொன்றார்கள். படைகளுக்குப் பொறுப்பாக இருந்த நோஸ்கே, கூடை முடையும் தொழிலிலிருந்து வந்தவர். கைத்தொழில் தெரிந்தவன் கையில் ரத்தம் படியாது என்று நான் எங்கும் சொல்லவில்லை.

இன்னொருவரைச் சொல்லாமல் விடக்கூடாது. ஓட்டோ வெல்ஸ். நாற்காலி மெத்தையும் சுவர்க்காகிதமும் ஒட்டும் தொழில். 1933 மார்ச் 23, ஹிட்லர் தனக்கு எல்லா அதிகாரமும் கேட்டு மசோதா கொண்டுவந்த நாள். மண்டபத்தில் சீருடைக்காரர்கள் நிற்கிறார்கள், கம்யூனிஸ்டு உறுப்பினர்களை உள்ளேயே விடவில்லை. வெல்ஸ் எழுந்து எதிர்த்துப் பேசினார். ஆதரவு 444, எதிர்ப்பு 94. அந்த 94-ம் அவருடைய கட்சி. நாடுகடந்து போய் 1939-இல் பாரிசில் இறந்தார்.

● பேருந்து நடத்துனர், கோத்தகிரி: நம் தமிழ்நாட்டில் இப்படி யாரைச் சொல்வீர்கள்?

காமராஜரைச் சொல்வேன். அப்பா இறந்ததும் பள்ளியை விட்டு, விருதுநகரில் மாமாவின் துணிக்கடையில் நின்றவர். அவர் காங்கிரஸ் தலைவராக இருந்தபோதுதான் 1964-இல் புவனேஸ்வர் மாநாட்டில் ஜனநாயக சோசலிசம் என்ற பெயரைக் கட்சியின் குறிக்கோளாக வைத்தார்கள். அவர் யார் வீட்டுச் சோறும் சாப்பிடவில்லை என்பது ஊருக்கே தெரியும். நம் மலையில் ஆரி கவுடர் தொழிலாளி இல்லை, வசதியான வீட்டுப்பிள்ளை. ஆனாலும் உருளைக்கிழங்கை இடைத்தரகர் கையிலிருந்து மீட்கக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் கண்ட மனிதர். அதனால் அவரையும் என் பட்டியலில் ஓரமாக எழுதிக்கொள்கிறேன்.

● வாசகர், குன்னூர்: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் ஏன் தேர்தலில் நிற்கவில்லை?

சங்கத் தேர்தலில் நின்றேன், ஜெயித்தேன். அதற்குமேல் போக வீட்டம்மா பட்டறையை ஏற்க மாட்டேன் என்றுவிட்டார். யூலியின் கதையை அவருக்குப் படித்துக் காட்டியது என் தந்திரம், பலிக்கவில்லை.

● புதுவீடு கட்டுபவர், எடப்பள்ளி: சில்வர் ஓக் மரத்தில் கதவு செய்யலாமா? கைப்பிடி எது நல்லது?

உள் அறைக்கு வைக்கலாம். வாசல் கதவுக்கு வேண்டாம், மழைச் சாரல் பட்டால் நாளாவட்டத்தில் உளுத்துவிடும். அறுத்த பலகையை நிழலில் இடைவெளி விட்டு அடுக்கி நன்றாகக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் கோடையில் முறுக்கிக்கொள்ளும். பூச்சி மருந்து அடித்த பிறகே இழைக்கக் கொடுங்கள். கைப்பிடி பித்தளையிலேயே போடுங்கள். கொம்பு கேட்டு யாரும் பட்டறைக்கு வர வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்றத்துக்குப் புகார் கொடுத்திருக்கிறார்கள்.